அடிபட்ட வண்டியைச் சரி செய்யலாமா, விட்டுவிடலாமா? பாலக்காட்டு எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லையை எந்த வழியாகத் தாண்டினாலும் டி.என். நம்பரும் கே.எல். நம்பரும் கலந்தேதான் ஓடும். அடிபட்டுப் பட்டறைக்கு வருவதும் அப்படித்தான். பாடி வேலை செய்கிற எங்களிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்று. "செய்யலாமா?" என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதற்கெல்லாம் இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

முன்பக்கம் மொத்தமா போயிடுச்சுங்க. போட்டோ அனுப்பினா எவ்வளவு ஆகும்னு சொல்லிடுவீங்களா?

சொல்ல முடியாது. யாராவது சொன்னால் அந்தத் தொகையை நம்ப வேண்டாம். போட்டோவில் தெரிவது பம்பர், பானெட், ஹெட்லைட், கிரில். இவை எல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான்கள். கடையில் விலை கேட்டால் கணக்கு முடிந்தது. வண்டி தேறுமா என்பது அவற்றுக்குப் பின்னால் இருக்கிற இரும்பில் இருக்கிறது.

பம்பரைக் கழற்றினால் உள்ளே குறுக்குக் கட்டை ஒன்று இருக்கும். அது இரண்டு பக்கமும் சேஸி லெக்கில், அதாவது வண்டியின் அடியிலிருந்து முன்னால் நீளும் இரும்புக் கால்களில், போய் உட்கார்ந்திருக்கும். லேசான அடி என்றால் அந்தக் கட்டையோடு நின்றுவிடும். பலமான அடி என்றால் லெக்கின் ஓரத்தில் பெயின்ட் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். இரண்டு தகடு சேரும் இடத்தில் பூசிய சீலன்ட் வெடித்திருக்கும். அதைப் பார்த்ததும் எங்கள் மூத்த டிங்கர் பேசாமல் டேப்பை எடுப்பார். இடது பக்கம் ஷாக் அப்சார்பர் மேல்முனை போல்ட்டிலிருந்து வலது பக்கம் முன் மூலைக்கு ஓர் அளவு, வலதிலிருந்து இடதுக்கு ஓர் அளவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிய விஷயமில்லை. அரை அங்குலம் என்றால் வண்டியின் மூக்கு ஒரு பக்கம் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

அதனால் முதல் எஸ்டிமேட்டை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். கழற்றிய பிறகு இரண்டாவது எஸ்டிமேட் வரும், அது பெரும்பாலும் முதலாவதைவிடக் கூடும். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தபின், அவர் முன்னிலையில் அல்லது அவர் அனுமதியோடு கழற்றச் சொல்லுங்கள். கழற்றும் கூலியைத் தனியாகப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சரி செய்யாமல் வண்டியை எடுத்துப் போவதாக முடிவானாலும் அந்தக் கூலியைப் பட்டறைக்குக் கொடுக்கத்தான் வேண்டும், அதில் தகராறு வரக் கூடாது.

எந்த இடத்தில் அடிபட்டால் வண்டி தேறாதுன்னு நினைச்சுக்கலாம்?

வண்டியின் கட்டுமானத்தைப் பொறுத்தது. பொலேரோ, ஸ்கார்பியோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரி வண்டிகளில் கீழே ஏணி போல் தனி சேஸி, மேலே பாடி. பாடி நசுங்கினாலும் சேஸி நேராக இருந்தால் தைரியமாக வேலை செய்யலாம். ஸ்விஃப்ட், ஐ10, நெக்ஸான் போன்றவற்றில் தனி சேஸி கிடையாது, பாடிதான் சேஸி. அங்கே தகடு மடங்குவது என்றால் வண்டியின் முதுகெலும்பே மடங்குவது.

இந்த இரண்டாம் வகையில் நான் தயங்குகிற இடங்கள் மூன்று. முதலாவது கதவுகளுக்கு நடுவில் நிற்கும் பி-பில்லர். இப்போது வருகிற பல வண்டிகளில் அது மிகக் கடினமான எஃகு. கேஸ் வைத்துச் சூடாக்கி அடித்து நிமிர்த்தினால் பார்க்க நேராக இருக்கும், ஆனால் இரும்பின் பலம் போயிருக்கும். அடுத்த தடவை பக்கவாட்டில் இடி வாங்கினால் உள்ளே இருப்பவர் மேல்தான் வந்து விழும். கம்பெனி சொன்ன இடத்தில் வெட்டிப் புதுப் பாகத்தை வைத்து, சொன்ன முறையில் வெல்டு பண்ண வேண்டும். அதற்குத் தோதான மெஷின் இல்லாத பட்டறையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். என் பட்டறையிலும் நான் எடுப்பதில்லை.

இரண்டாவது, எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தடுப்புத் தகடு. சேஸி லெக் அதை உள்ளே தள்ளியிருந்தால் பெடல், ஸ்டீயரிங் காலம், ஏ.சி. பெட்டி, ஒயரிங் எல்லாம் இடம் மாறியிருக்கும். செலவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவது, தரைத் தகடும் கூரையும். வண்டி உருண்டு கூரை இறங்கி, நான்கு கதவும் சரியாக மூடவில்லை என்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஏர்பேக். 2019 ஜூலை முதல் விற்ற எல்லாக் கார்களிலும் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். அது ஒருமுறை வெடித்தால் பையை மட்டும் மாற்றி முடிக்க முடியாது. சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பாகம், கன்ட்ரோல் யூனிட், சென்சார், பல வண்டிகளில் டேஷ்போர்டு என்று வரிசையாக வரும். பழைய சின்னக் கார் ஒன்றில் இரண்டு ஏர்பேக்கும் வெடித்துவிட்டால், தகடு அதிகம் நசுங்காவிட்டாலும் கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிடும்.

டோட்டல் லாஸ் என்று எப்போது சொல்வார்கள்?

பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருக்கும். அந்த வருஷத்துக்கு உங்கள் வண்டியின் மதிப்பு அதுதான் என்று நீங்களும் கம்பெனியும் ஒப்புக்கொண்ட தொகை. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது வண்டி முழுசாகப் போனதாகக் கணக்கு. 4 லட்சம் ஐ.டி.வி. என்றால் 3 லட்சம்தான் கோடு.

புது வண்டி விலையிலிருந்து ஐ.டி.வி. வருஷா வருஷம் இறங்கும். வழக்கமான அட்டவணைப்படி ஒரு வருஷம் தாண்டி இரண்டுக்குள் 20 சதவீதக் கழிவு, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. ஐந்து வருஷத்துக்கு மேல் இருவரும் பேசி முடிவு செய்வது. இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் குறையும் என்று ஐ.டி.வி.யைத் தரையில் வைத்துவிடுவார்கள். அடிபட்ட பிறகு "மார்க்கெட்ல என் வண்டி அஞ்சு லட்சம் போகும்" என்று சொல்லிப் பயனில்லை. பாலிசியில் இருக்கிற தொகைதான் பேசும்.

டோட்டல் லாஸ் இல்லை, ரிப்பேர் செய்துக்கோன்னு கம்பெனி சொல்லுது. என் கையிலிருந்து எவ்வளவு போகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு வயதுக் கார், 1200 சி.சி., ஐ.டி.வி. 4 லட்சம். கழற்றிப் பார்த்தபின் எஸ்டிமேட் 2,85,000. கோட்டுக்குக் கீழே இருப்பதால் ரிப்பேர்தான். பம்பர் டு பம்பர் எனப்படும் ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி) இந்தப் பாலிசியில் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

இரும்புப் பாகங்கள் 1,10,000. ஐந்திலிருந்து பத்து வயது வண்டிக்கு 40 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள், அதில் உங்கள் பங்கு 44,000. பிளாஸ்டிக், ரப்பர் சாமான்கள் 60,000. இதற்கு வயது பார்க்காமல் பாதி கழிவு, 30,000. ஏர்பேக், டயர், பேட்டரிக்கும் இதே பாதிக் கணக்குதான். கண்ணாடி 15,000, அதற்குக் கழிவு கிடையாது. கூலி 60,000, அதற்கும் கிடையாது. பெயின்டிங் 40,000 என்று மொத்தமாக பில் போட்டால் அதில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், 5,000. கடைசியாக 1500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. ஆக உங்கள் கையிலிருந்து 80,000. கம்பெனி தருவது 2,05,000.

இதோடு நிற்காது. கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். ஐந்து வருஷம் கிளைம் இல்லாமல் ஓட்டி 50 சதவீதத்தில் இருந்தவர் மறுபடி முதல் படியில் நிற்பார். ஒன்றிரண்டு மாதம் வண்டி இல்லாமல் வாடகைக் காரில் அலைவது, பெரிய அடி வாங்கிய வண்டி என்பதால் விற்கும்போது குறையும் விலை, இதெல்லாம் எந்த பில்லிலும் வராது. 80,000 போட்டுச் சரி செய்து அடுத்த வருஷமே விற்கிற எண்ணம் இருந்தால், அடிபட்ட நிலையிலேயே யாராவது என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்றும் விசாரித்துப் பாருங்கள். இன்னும் ஐந்தாறு வருஷம் நானே ஓட்டுவேன், பில்லரும் தரைத் தகடும் சுத்தமாக இருக்கிறது என்றால் சரி செய்வதுதான் லாபம்.

எஸ்டிமேட்டைக் கொஞ்சம் ஏத்திப் போட்டு டோட்டல் லாஸ் ஆக்கிடலாங்களா அண்ணா?

ஆகாதுங்க. புது விலையையே திருப்பித் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் எடுத்தவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், ஏனென்றால் அது டோட்டல் லாஸ் ஆனாலோ வண்டி திருட்டுப் போனாலோதான் கிடைக்கும். அடிபடாத பாகத்தை அடிபட்டதாக எழுதுவது மோசடி. மாட்டினால் முழு கிளைமும் போகும், பட்டறைக்கும் பெயர் கெடும். ஆனால் உண்மையாகவே மாற்ற வேண்டிய பாகத்தை "நிமிர்த்தினால் போதும்" என்று சர்வேயர் வெட்டினால் விடாதீர்கள். அளவெடுத்த தாள், போட்டோ எல்லாம் கொடுத்துக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

டோட்டல் லாஸ் ஆன வண்டியை நானே வைத்துக்கொள்ளலாமா?

கம்பெனி இரண்டு வழி சொல்லும். ஒன்று, வண்டியையும் ஆர்.சி.யையும் ஒப்படைத்துவிட்டு ஐ.டி.வி.யை வாங்கிக்கொள்வது. இன்னொன்று, உடைந்த வண்டிக்கு ஏலத்தில் வந்த விலையைக் கழித்துவிட்டு மீதியை வாங்கிக்கொள்வது, வண்டி உங்களிடமே இருக்கும். மேலே சொன்ன கார் டோட்டல் லாஸ் ஆகி, உடைசலுக்கு 1,40,000 விலை வந்தது என்றால் உங்கள் கைக்கு ஏறக்குறைய 2,60,000 வரும்.

இரண்டாவது வழியில் பணம் சீக்கிரம் கைக்கு வரும், ஆனால் தலைவலியும் கூடவே வரும். ஏலம் கேட்டவருக்கே நீங்கள் விற்றால் அவர் வண்டியை ஏற்றிக்கொண்டு போவார், ஆர்.சி. உங்கள் பெயரிலேயே கிடக்கும். உடைந்த வண்டியின் ஆர்.சி.யையும் சேஸி நம்பர் தகட்டையும் எடுத்து அதே மாடல் திருட்டு வண்டிக்குப் பொருத்தி ஓட்டுகிற கும்பல்கள் உண்டு. அது எங்கேயோ யார் மீதாவது மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். விற்றுவிட்டேன் என்று சொன்னாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே இனி ஓடவே ஓடாத வண்டி என்றால் பதிவை ரத்து செய்த பிறகு கொடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு, அழிந்துபோன வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளுக்குள், அல்லது முடிந்த அளவு சீக்கிரமாக, ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அரசிடம் பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் கொடுத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். புது வண்டி வாங்கும்போது சொந்த வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்க 2021-ல் மத்திய அரசு விதி போட்டது. ஓடக்கூடிய வண்டியாக விற்றால் படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாறியதா என்று பார்த்த பிறகுதான் நிம்மதி. "நான் மாத்திக்கிறேன் சார்" என்ற வார்த்தைக்கு மதிப்பே கிடையாது.

கடன் இன்னும் முடியலை.

ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால் டோட்டல் லாஸ் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும். பாக்கிக் கடன் ஐ.டி.வி.யைவிட அதிகம் என்றால் வண்டியும் இல்லாமல் மிச்சத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். முடிவெடுக்கும் முன் பேங்கில் பாக்கித் தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். தவணையை நிறுத்திவிட வேண்டாம், கிளைம் நடக்கிறது என்பதற்காக வட்டி நிற்காது.

டி.என். வண்டி, வாளையாறு தாண்டி கேரளாவில் அடிபட்டது. எந்த ஸ்டேஷன், எந்தப் பட்டறை?

அடி நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கேதான். வண்டி எந்த மாநிலத்தில் பதிவானது என்பது பொருட்டே இல்லை. கேரளாவில் யாருக்கும் காயம் இல்லாத விபத்துக்கு ஸ்டேஷனில் ஜி.டி. என்ட்ரி (ஸ்டேஷன் பொது டைரியில் பதிவு) போட்டுத் தருவார்கள், இன்சூரன்ஸ் அதைத்தான் கேட்கும். கேரள போலீஸின் துணா இணையதளத்திலும் போல்-ஆப் செயலியிலும் அதற்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது. ஆளுக்கு அடி என்றால் இரண்டு பக்கமும் எஃப்.ஐ.ஆர். கண்டிப்பாக உண்டு.

எஃப்.ஐ.ஆர். ஆன வண்டியில் கை வைக்கும் முன் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்தாக வேண்டும். பிரேக் வேலை செய்ததா, வண்டியில் கோளாறு இருந்ததா என்று அவர் ரிப்போர்ட் எழுதுவார், கேஸுக்கு அது முக்கியம். அதற்குள் பட்டறையில் விட்டுக் கழற்றினால் ஆதாரத்தைக் கலைத்ததாகிவிடும். போலீஸ் பிடித்து வைத்த வண்டியை எடுக்கக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தால் அந்த ஊர் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும். கோயம்புத்தூர்க்காரர்கள் இதற்குப் பாலக்காட்டுக்கு நடக்கிறார்கள், பாலக்காட்டுக்காரர்கள் கோயம்புத்தூருக்கு நடக்கிறார்கள்.

பட்டறை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இருக்கலாம். ரிக்கவரி வண்டிக்கு மட்டும் கணக்குப் பாருங்கள். சாதாரணக் கார் பாலிசியில் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோக 1,500 ரூபாய்தான். அதற்கு மேல் ரோட் சைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் தப்பித்தீர்கள். இன்னொன்று, ரேடியேட்டர் உடைந்த வண்டியை "பக்கத்துலதானே" என்று ஓட்டிக்கொண்டு வராதீர்கள். எஞ்சின் சூடேறி மடங்கினால் அது விபத்தில் வந்த சேதம் இல்லை, விபத்துக்குப் பிறகு நீங்கள் செய்த சேதம் என்று அந்தச் செலவைத் தள்ளிவிடுவார்கள். எஞ்சின் விலைக்கு முன்னால் ரிக்கவரி வாடகை ஒன்றுமே இல்லை.

கோவை உக்கடத்தில் பழைய ஸ்பேர் வாங்கிச் செய்தால் பாதி விலையில் முடியுமே?

சில சாமான்களுக்கு நல்ல யோசனைதான். கதவு, பானெட், டிக்கி மூடி, ஹெட்லைட், சீட், கண்ணாடி இதெல்லாம் அதே கலரில் கிடைத்தால் பெயின்ட் செலவுகூட மிச்சம். கதவை வாங்கும்போது உள்பக்கம் அடியோரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். பட்டி பூசியிருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டீயரிங் ராக், லோயர் ஆர்ம், நக்கிள், பிரேக் சாமான், சீட் பெல்ட், ஏர்பேக், இவற்றைப் பழையதில் வாங்கவே வாங்காதீர்கள். அவையும் ஏதோ ஒரு அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியவைதான். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும். கிளைம் போடுகிறவர்கள் பழைய சாமானைப் போட்டுப் புதுசுக்கு பில் வாங்கும் வேலையும் வேண்டாம். வேலை முடிந்ததும் சர்வேயர் மறுபடி வந்து பார்ப்பது வழக்கம், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்பார்.

கிளைம் இல்லாமல் சொந்தக் காசில் செய்கிறவர்களுக்கு உக்கடம் பெரிய வரம். பில் கேளுங்கள், தர மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பைக் அடிபட்டால்?

முன் ஃபோர்க் வளைந்தால் மாற்றிவிடலாம். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் ஃபிரேம் வளைந்திருந்தால், அல்லது அந்த வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் தெறித்திருந்தால், ஃபிரேமை மாற்று அல்லது வண்டியை விடு என்பதுதான் என் பதில். நிமிர்த்தித் தருகிறேன் என்பவர்கள் நிறைய பேர். நாற்பதில் ஒன்றும் தெரியாது, எண்பதில் கை விட்டு ஆடும். அலாய் வீலைத் தட்டி நிமிர்த்துவதும் வேண்டாம். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் என்றால் பேட்டரிப் பெட்டியில் அடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சார்ஜ் போடாமல், வீட்டுக்குள் நிறுத்தாமல், கம்பெனி சர்வீஸுக்குத் தகவல் சொல்லுங்கள்.

சின்ன யானை (டாடா ஏஸ் லோடு வண்டி) ஓட்டிப் பிழைக்கிறேன். ஒரு மாசம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. சீக்கிரம் முடிக்க வழி உண்டா?

சொந்தக் காருக்குப் போடுகிற கணக்கை இதற்குப் போடக் கூடாது. வாடகை வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் செலவுதான், அந்த நஷ்டத்தைச் சாதாரண பாலிசி தராது. தனி சேஸி உள்ள வண்டிகளில் கேபினையே முழுசாக மாற்றுவது உண்டு. தகடு தகடாகத் தட்டி நிமிர்த்துவதைவிட அது சில சமயம் சீக்கிரம் முடியும், கூலியும் குறையும். சேஸி நேராக இருக்கிறது, கேபின் மட்டும் போனது என்றால் அப்படியே கேளுங்கள்.

கிளைம் இழுத்தடிக்காமல் இருக்க, எஃப்.சி., டிரைவர் லைசென்ஸ், லோடு எடை இந்த மூன்றும் அடி நடந்த நாளில் சரியாக இருந்ததற்கான காகிதத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். பர்மிட் தேவைப்படும் பெரிய லோடு வண்டியில் எல்லை தாண்டியவர் என்றால் கேரளத்துக்குள் ஓட்டப் பர்மிட் இருந்ததா என்ற கேள்வியும் வரும். தக்காளிப் பெட்டியை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டு வேலந்தாவளத்தில் கவிழ்ந்தால் கம்பெனியோடு மல்லுக்கு நிற்க வேண்டியதுதான்.

எனக்கு தேர்டு பார்ட்டி மட்டும்தான் இருக்கு. தப்பு எதிரே வந்தவன் பேர்ல.

உங்கள் இன்சூரன்ஸ் உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாய் தராது. எதிர் வண்டியின் இன்சூரன்ஸிடம், விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் வழியாகச் சேதத்துக்குக் கேட்கலாம். கார் பாலிசிகளில் பொதுவாக மற்றவர் பொருட்சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை இடமிருக்கிறது. ஆனால் அது கோர்ட் வேகத்தில் நடக்கும். எதிர் வண்டியின் நம்பர், பாலிசி, போட்டோ, ரிப்பேர் பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டு, வண்டியை இப்போது உங்கள் காசில் செய்ய முடியுமா என்று பார்த்து முடிவெடுங்கள்.

வண்டியில் ஒரு உயிர் போயிடுச்சு. அதைச் சரி பண்ணி ஓட்டலாமான்னு வீட்டில் பயப்படுறாங்க.

தகடு நன்றாக இருக்கிறது, செலவும் குறைவு என்றாலும் இப்படிப்பட்ட வண்டியைச் செய்யச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தியதில்லை. பூசணிக்காய் உடைத்து, கோயிலில் எலுமிச்சை வைத்து எடுத்துப் போகிறவர்களும் உண்டு, மனம் ஒப்பாமல் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. வீட்டில் யாரும் ஏற மாட்டார்கள் என்றால் ரிப்பேர் செய்து நிறுத்தி வைப்பது வீண் செலவு. கேஸ் முடியும் வரை விற்பதற்கு போலீஸ், கோர்ட் அனுமதி தேவையா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு விற்றுவிடுங்கள்.

கே.எல். நம்பர் கார் ஒன்று சல்லிசாக வருகிறது. அடிபட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆர்.சி.யைப் பார்த்துத் தெரியாது. நம் நாட்டில் டோட்டல் லாஸ் ஆன வண்டிக்கு ஆர்.சி.யில் தனி முத்திரை விழுவதில்லை. விற்பவரிடம் பழைய பாலிசி நம்பரை வாங்கி கிளைம் விவரம் கேளுங்கள். சர்வீஸ் சென்டரில் ஹிஸ்டரி கேளுங்கள். இரண்டையும் தர மறுப்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பானெட்டைத் திறந்து ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டிருந்தால் தலையில் பெயின்ட் உரிந்திருக்கும். கதவு ரப்பரை லேசாக இழுத்தால் பில்லர் ஓரத்தில் கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டு குழிகள் சீரான இடைவெளியில் தெரிய வேண்டும். வழவழவென்று பட்டி பூசியிருந்தால் அங்கே வேலை நடந்திருக்கிறது. எல்லாக் கண்ணாடிகளிலும் தயாரித்த வருஷக் குறி ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து, அடியில் தைத்திருக்கும் லேபிளின் தேதியைப் பாருங்கள். வண்டியைவிடப் பெல்ட் இளமையாக இருந்தால் ஏர்பேக் கதை ஒன்று ஒளிந்திருக்கிறது. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையே பிடுங்கியிருக்கிறார்கள்.

பெல்ட்டில் சேற்று வாசனை, சீட்டுக்கு அடியில் கம்பிகளில் துரு என்றால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட வண்டிகள் நிறைய கை மாறின. அவற்றில் ஒயரிங் கோளாறு வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாக வெளிவரும்.

எல்லாம் சரி என்றாலும் கேரள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 வாங்கி, தமிழ்நாட்டில் வரி கட்டி மறுபதிவு செய்யும் செலவை விலையோடு சேர்த்துப் பாருங்கள். சல்லிசு கொஞ்சம் கரைந்துவிடும்.

கம்பெனி சொல்கிற தொகை நியாயமாக இல்லை. யாரிடம் போவது?

முதலில் சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், உங்களுக்கு அது தர வேண்டியது. எந்த வரியில் வெட்டினார்கள் என்று தெரியாமல் சண்டை போட முடியாது. அப்புறம் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை, கேரளத்துக்குக் கொச்சி. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அதுவரை வண்டியைப் பட்டறையில் போட்டால் நிறுத்து வாடகை ஏறும், அதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சரி செய்தாகிவிட்டது. எடுக்கும்போது என்ன பார்க்கணும்?

பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம், பெயின்ட் கடைசி வேலை. கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். வீல் அலைன்மென்ட் தாளைக் கேளுங்கள். கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) ஒரு பக்கம் மட்டும் அளவுக்கு வெளியே நிற்கிறது, இன்னும் சரிப்படுத்த முடியவில்லை என்றால் கீழே ஏதோ வளைவு மிச்சம் இருக்கிறது. வண்டியை எடுக்காதீர்கள். நான்கு கதவையும் ஒரே விசையில் மூடிப் பாருங்கள், சத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் பட்டறைக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து கஞ்சிக்கோடு பக்கம் நேர் ரோட்டில் எண்பதில் ஓட்டுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடிக்கும்போது திரும்புகிறதா, கண்ணாடி ஓரத்தில் காற்று விசில் அடிக்கிறதா என்று கவனியுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதனால் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் ஒருமுறை பாருங்கள். போகும்போது இடது பக்கம் இழுத்து, வரும்போது வலது பக்கம் இழுத்தால் காற்று. இரண்டு தடவையும் ஒரே பக்கம் என்றால் பட்டறைக்கே திருப்பி விடுங்கள், பாக்கிப் பணத்தைக் கொடுக்காமல்.